மாமன் சாயல்

மூணாறு மலையில் மூடுபனி விலக, எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுகிறது. சுவரில் ஐம்பத்தைந்தாம் வருஷக் காலண்டர் படபடக்கிறது. வெயிலுக்குள் ஐந்து வயசுப் பேச்சிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஓடும்போது அடிக்கடி விழுகிறான் என்று அவனைக் கூட்டி வந்த அம்மா ராமுத்தாய், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறாள். "எந்திரி மோனே," என்கிறார் டாக்டர். பையன் குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்குகிறான். பிறகு முழங்காலைப் பிடிக்கிறான், தொடையைப் பிடிக்கிறான். தன் உடம்பின் மேலேயே மரமேறுவதுபோல் ஏறி வருகிறான். ராமுத்தாய்க்குச் சிரிப்பு பொங்குகிறது. கோவில்பட்டியில், பருத்தி காயும் முற்றத்தில், தம்பி கருத்தப்பாண்டியும் இப்படித்தான் எழுவான். அக்காமார் மூவரும் சுற்றி நின்று கைதட்டுவார்கள். நிமிர்ந்ததும் அவன் ராஜா மாதிரி பார்ப்பான். "மாமனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான் டாக்டரையா. கெண்டைக்காலப் பாருங்க, எம்புட்டுத் திரட்சி! மலை ஏறப் பொறந்த காலுன்னு லயத்து வீட்டுச் சனமே சொல்லுது." டாக்டர் குனிந்து அந்தச் சதையை அமுக்கிப் பார்க்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அந்தத் தம்பி இப்போ எங்கே உண்டு?" சிரிப்பு மாறாமலே அவள் வாய் திறக்கிறாள். பத்து வயசில் நடை நின்றுபோனவனை இடுப்பில் தூக்கித் திரிந்ததும், பதினாறில் ஊர் அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனதும் ஒன்றாக நினைவுக்கு வர, அவள் கண் மகனின் கெண்டைக்காலுக்குப் போகிறது. அதற்குள் பேச்சிமுத்து முழுசாக நிமிர்ந்துவிட்டான். மூச்சு வாங்க, முகமெல்லாம் வெற்றியாக அம்மாவைப் பார்க்கிறான். "ஏம்மா, கை தட்டலியா?"