நாற்பத்தெட்டு டிகிரி

பிக்குவின் முகத்தில் ஒன்றுமே நிகழவில்லை.

இடது முன்கையில் கட்டிய சிறு உலோகத் தகடு நாற்பத்தெட்டு டிகிரி சூட்டில் இருந்தது. காலையில் ஆய்வாளரான அவள் அதைத் தன் கையில் வைத்துப் பார்த்தாள். உடனே உதறிவிட்டாள்.

அவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மழித்த தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பி.

திரையில் அவருடைய மூளையின் கோடுகள் சமமாக ஓடின.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பேராசிரியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த வாரம் கருத்தரங்கு. தலைப்பு அச்சுக்கே போய்விட்டது: புத்தர் கண்டதை மூளை காட்டுகிறது.

யாரோ வர, பேராசிரியர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

அவளுக்கு அந்தக் கோடுகள் பிடிக்கவில்லை.

வலியைப் பொருட்படுத்தாதவரின் மூளையிலும் வலி வந்துபோன தடம் இருக்கும். எத்தனையோ தியானிகளிடம் பார்த்திருக்கிறாள். முதலில் ஒரு மேடு எழும். பிறகு அடங்கும்.

இங்கே மேடே இல்லை.

பிக்குவே நேற்று சொல்லியிருந்தார். வலி வரும், அதன்மேல் நாம் ஏற்றும் துக்கம்தான் வராது என்று.

அப்படியென்றால் வந்த வலி எங்கே?

மரத்துப்போகவைக்கும் களிம்பு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பெண் கை அவர்மேல் படக்கூடாது என்பது அவர்களின் விதி. தகட்டை அவரே கட்டிக்கொண்டார். கட்டுவதற்கு முன் என்ன தடவினார் என்று யார் கண்டது?

உள்ளே போனாள்.

"பந்தே, தகட்டக் கழட்டிருங்க. கைய ஸ்பிரிட் வச்சு ஒருதடவ துடைச்சுக்கறேன். கண்ணத் திறக்க வேணாம்."

அவர் கண்மூடியபடியே தகட்டைக் கழற்றினார். அவள் இடுக்கியில் பஞ்சைப் பிடித்து ஸ்பிரிட்டில் நனைத்தாள். முன்கையில் அழுத்தி இழுத்தாள். இரண்டாவது முறையும் இழுத்தாள்.

பஞ்சை விளக்கொளியில் பார்த்தாள். பிசுபிசுப்பு இல்லை. வாசனை இல்லை.

வெள்ளையாகவே இருந்தது.

வெட்கமாக இருந்தது அவளுக்கு. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள்.

பிக்கு கண்மூடியபடியே சொன்னார்.

"துடைக்கணும்னீங்களேம்மா. துடைச்சிருங்க."

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

துடைத்த இடம் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

புதுப் பஞ்சை எடுத்தாள். வலது கையில் வைத்தாள். அவர் சிலிர்த்தார். இடது கையில் வைத்தாள். காத்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறக்கச் சொன்னாள். விளக்கை இழுத்துக் கையின்மேல் திருப்பினாள். உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தோல். அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. துவராடை எப்போதும் இடது கையை மூடியே இருக்கும்.

"தேமல்னு விட்டுட்டேன்" என்றார்.

ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன் அவள் மருத்துவர். தோல் நோய் வார்டில் இதைப் பார்த்திருக்கிறாள்.

"தொழுநோயா இருக்கலாம் பந்தே. நரம்பு செத்திருக்கு. டெஸ்ட் பண்ணிரலாம். மருந்து இருக்கு, குணமாயிரும்."

அவர் அந்தச் சொல்லுக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

தகட்டை எடுத்து வலது கையில் தானே கட்டினார்.

"இதுல சூடு வைங்கம்மா."

"வேணாம் பந்தே."

"வைங்க. சோதிச்சுப் பாக்காம எதையும் நம்பாதேன்னுதான் புத்தரு சொன்னாரு. நான் என்னையே சோதிக்கலியே."

அவள் நாற்பத்தெட்டில் வைத்தாள்.

திரையில் மேடு எழுந்தது. செங்குத்தாக. அடங்கவில்லை.

அவர் தகட்டைப் பிய்த்தெறிந்தார்.

சிவந்த இடத்தை வாயால் ஊதினார். கண்ணில் நீர் திரண்டிருந்தது. முகத்தில், முதன்முதலாக, பயம்.

"இப்படியா வலிக்கும்?"

அவர் மூலையில் இருந்த தன் பையைக் காட்டினார்.

"அந்தப் பையில போன் இருக்கு. எடுத்து மேசைமேல வைங்கம்மா."

வைத்தாள். அவர் எண்ணைத் தேடினார்.

"ஆம்பூர்ல கோதண்டன்னு ஒருத்தரு. எலும்புல புத்துநோய். வலி மாத்திரைய நிறுத்திட்டு வலியவே உத்துப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." குரல் இறங்கியது. "விளக்கு நெருப்புல இந்த இடது கையக் காட்டித்தான் சொன்னேன்."

மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

பேராசிரியர் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினார். அடுத்த சுற்றா என்று சைகையில் கேட்டார். அவள் திரும்பவில்லை.

கோதண்டனின் மனைவி எடுத்தாள். ஒலிபெருக்கியில் குரல் தெளிவாகக் கேட்டது.

"பந்தே! நானே கூப்புடணும்னு இருந்தேன்."

"சுலோச்சனாம்மா, அந்த மாத்திரைய எடுத்து உடனே…"

"இனிமே எதுக்கு பந்தே மாத்திரை? ராத்திரியெல்லாம் கத்திட்டு இருந்தாரு. விடிஞ்சதிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. முகம் அப்படியே அமைதியா இருக்கு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

சுலோச்சனாவின் குரலில் அத்தனை நிறைவு. மெல்லச் சிரித்தாள்.

பிக்கு நிமிர்ந்து, கையில் இடுக்கியோடு நிற்பவளைப் பார்த்தார். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெல்லக் கேட்டார்.

"மூச்சு வருதா பாருங்கம்மா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

பிறகு, கதவு திறக்கும் சத்தம்.