கீழ் லயத்துப் பை

லோஜினி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சுட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கி வந்த மகன் கிஷாந்துக்கு ஊட்டி, மறுபடி மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்க ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்து சாரும் மிஸ்ஸும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

மிஸ் முதலில் பையைத்தான் கேட்டார்.

போன வருஷம் அவர்கள் கொடுத்த பை. படப் புத்தகம், மரக்கட்டை, விரலை உள்ளே விட்டு ஆட்டுகிற கரடிப் பொம்மை எல்லாம் அதில் இருந்தன. பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று மிஸ் வாரா வாரம் வந்து செய்தும் காட்டினார்.

இப்போது வெளியே எடுத்த கரடிக்கு ஒரு காது இல்லை. புத்தகத்து அட்டை பிய்ந்து தொங்கியது.

"இப்படியா வச்சிருக்கறது?" மிஸ் முகம் சுளித்தார். "புள்ள கையில தூக்கிக் குடுத்துட்டு நீங்க உங்க வேலையப் பாத்திருக்கீங்க. பக்கத்துல உக்காந்து ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

லோஜினி தலையைக் குனிந்து மாவை அழுத்தினாள். வெளியாள் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது.

"விடுங்க மிஸ்," என்றார் சார். அவருக்குக் கோபமில்லை, களைப்புத்தான்.

ஏற்பாடு என்னவோ தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொன்னதுதான். தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான கீழ் லயம், மேல் லயம் இரண்டிலும் இருந்த பிள்ளைகளுக்கு முதலில் பேச்சுச் சோதனை வைத்தார்கள். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பை லோஜினி இருந்த கீழ் லயத்துக்கு விழுந்தது. மேல் லயத்துக்கு ஒன்றும் கிடையாது.

"ஏன் சார், எங்க புள்ளைங்களுக்கு வாய் இல்லியா?" என்று அன்றைக்கே மேல் லயத்து மார்கிரட் அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் சும்மா இருக்கணும், இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அதுதான் முறை என்று சார் பொறுமையாக விளக்கினார். கீழ் லயத்துப் பிள்ளைகள் மேல் லயத்தை முந்தினால் பையால் பலன் உண்டு என்று காட்டலாம். காட்டினால் அடுத்த வருஷம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் கொடுப்பார்கள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம்தான் லோஜினியின் அக்கா தனுஜா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்கா மகனுக்கு நாலு வயசாகப் போகிறது, இன்னும் 'அம்மா' கூட வரவில்லை. கிஷாந்தும் அப்படி இருந்தவன்தான். இப்போது அவனுக்கு வாய் ஓய்வதில்லை. அக்கா போன் எடுத்தால் தங்கச்சியோடு பேச மாட்டாள், கிஷாந்தைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த மிஸ் இங்கே எப்ப வருவாங்க என்பாள். கட்டாயம் வருவாங்க அக்கா என்று லோஜினியும் சொல்லி வைத்திருந்தாள்.

"சோதனை முடிவு வந்துருச்சிம்மா," என்றார் சார். "உங்க புள்ளைங்க நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா மேல் லயத்துப் புள்ளைங்களும் அதே அளவுக்குப் பேசுறாங்க. பை இல்லாமலே அவங்க பேசினா, பையால என்ன பலன்? வயசு ஏற ஏறப் பேச்சு தானா வந்திருக்குன்னுதான் நாங்க எடுத்துக்கணும்."

லோஜினியின் கை மாவிலேயே நின்றது.

"அப்ப... நோட்டன் பக்கம்?"

"போறதில்லம்மா. பலன் இல்லாத ஒண்ண யாரும் ஏத்துக்க மாட்டாங்க. இதோட நிப்பாட்டுறோம்."

மிஸ் பையைத் தூக்கிக்கொண்டார். கரடி எங்க போகுது, காய்ச்சலா, ஆஸ்பத்திரிக்கா என்று கிஷாந்த் கேட்டுக்கொண்டே வாசல் வரைக்கும் போனான்.

இருவரும் மேலே ரோட்டில் நின்ற வேனை நோக்கி ஏறிப் போனார்கள். லயத்து முனையில் சிவசாமி கங்காணி பொம்பளைகளை மலைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

லோஜினி அடுப்பைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் ஏச்சு விழும். அவளுக்கு மட்டுமா, லயத்துக்கே விழும். சொல்லாவிட்டால் அக்கா மகன் வாயைத் திறக்கப் போவதில்லை.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாவுக் கையோடு ஓடினாள்.

"சார்," என்றாள். முதல் தரம் குரலே எழும்பவில்லை. வேன் வேறு இரைந்துகொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

சார் ஏறி உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தார். அதே நேரம் கீழேயிருந்து கங்காணியின் குரல் அவள் பேரைச் சொல்லியே வந்தது. லோஜினிக்கு வெத்தில பாக்கு வச்சி அழைக்கணுமா என்று கேட்டார். மற்றப் பொம்பளைகள் சிரித்தார்கள்.

"கூப்பிடுறாங்க பாருங்க. வேலை கெட்டுறாம நீங்க போங்கம்மா," என்று சார் அன்பாகவே சொல்லிவிட்டு வேன் கதவை இழுத்தார்.

"இல்ல சார், மேல் லயத்துப் புள்ளைங்களுக்குப் பேச்சு தானா வரல. வாசல்ல வந்து ஆசையாப் பாத்துக்கிட்டு நிக்கிறதுங்கள வெளிய தள்ள ஏலாம, மிஸ் செஞ்சி காட்டினதெல்லாம் தெனமும் சாயந்திரம் அதுங்களையும் பக்கத்துல உக்கார வச்சி நான்தான் சொல்லிக் குடுத்தேன்."