சோடாக் குமிழி

“கடைசியில உன்னைக் கவுத்த பாடமே உன் அண்ணனைக் காப்பாத்திடுச்சு, போ!” என்றாள் தோழி வாசிதி, கல்லூரி உணவகத்தில் மரவள்ளிக்கிழங்குத் தட்டை அலுமிதாவின் பக்கம் தள்ளியபடி.

அலுமிதா சிரித்தாள். டாக்டருக்குப் படிக்கவென்று தன் தீவை விட்டுத் தலைநகர் சுவாவுக்கு வந்தவளை முதல் வருடமே மண்ணைக் கவ்வ வைத்தது இயற்பியல்தான். “ஊசி போடறவளுக்கு இதெல்லாம் எதுக்குடி?” என்று விடுதி முழுக்கப் புலம்பிவிட்டு, மறுதேர்வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தீவிலிருந்து அம்மா போனில் அழுதிருந்தாள். கடலட்டை எடுக்க முங்கிய அண்ணன் இசிகேலி, காற்றுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப ஆழம் போய், சடாரென்று மேலே வந்துவிட்டான். மூட்டெல்லாம் வலி. கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை.

“இன்னிக்கு பிளேன் வருது. ஒரு மணி நேரத்துல சுவா ஆஸ்பத்திரி. எப்படியாவது ஏத்திடறேன்.”

“ஐயோ, பிளேன் வேண்டாம்மா! கப்பல்ல அனுப்பு!”

“கப்பல் நாளைக்குத்தானே வந்து சேரும்? அதுவரைக்கும் புள்ள துடிக்கணுமா? நீயெல்லாம் ஒரு டாக்டரா?”

“அம்மா, சோடா பாட்டிலைத் திறந்தா குமிழி பொங்குதில்ல? அவன் ரத்தத்துல இப்ப அப்படித்தான் காத்து பொங்குது. உயரப் போகப் போக அழுத்தம் குறையும், குமிழி பெருசாகும். மூளைக்குப் போற ரத்தத்தை அடைச்சிட்டா உயிரே போயிடும்மா. கப்பல்னா கடல் மட்டத்தோட வந்துடும்.”

“அவன் என்ன சோடா பாட்டிலாடி?” என்று அம்மா வெடித்தாள். அவளுக்குப் பின்னால் யார் யாரோ பேசினார்கள். நடுவே ஊர்த்தலைவரின் கனத்த குரல்.

“சரி, கப்பல்லயே அனுப்பறேன்” என்றாள் அம்மா கடைசியில். “பிளேன்லதான் இடமே இல்லைங்கறாங்களே.”

அலுமிதா உடனே ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். “நல்ல வேலை செஞ்சீங்க” என்றார் அங்கிருந்த டாக்டர். நாளைக்குத் துறைமுகத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும்.

அண்ணன் வலியில் கிடக்கும்போது தனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதை விரட்ட மனம் வரவில்லை. வெறும் எழுத்தாகக் கிடந்த ஒரு பாடம், முதல்முறையாக அவள் கையில் மருந்தாகியிருக்கிறது.

உணவக மேசையில் போன் மணி அடித்தது. அம்மா. குரலில் அழுகை இல்லை.

“அலுமிதா, கோவிச்சுக்காதம்மா. நம்ம தலைவரு தன்னோட சீட்டையே அண்ணனுக்குக் குடுத்துட்டாரு. பிளேன் பக்கத்துலயே ஊரு கூடி நின்னு ஜெபம் பண்ணுச்சு. தலைவரு வாய் திறந்து குடுத்ததை வேண்டாம்னு சொல்ல நான் யாரு?”

அலுமிதா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “அம்மா, இறக்கு! அவனைக் கீழே இறக்கு!”

“எங்கேருந்துடி இறக்கறது? பறந்து அரை மணி ஆச்சு.”