க்ரோட்டேயின் முதல் விமானம்

"ரம்பத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்க கேப்டன்! மத்த ஆறு விமானத்தையும் அறுத்தாச்சு. இது ஒண்ணையாவது விட்டுடுங்க."

அல்வின் க்ரோட்டே இறக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெர்லின் ஓரத்தில் விமானம் கட்டி, பறக்கும் பள்ளியும் நடத்தியவர். அவர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் ஒரு விமானம்கூட மிஞ்சக் கூடாது என்பது வென்றவர்களின் உத்தரவு. அதை நிறைவேற்ற வந்திருந்த பெல்ஜியக் கேப்டன் லம்பேர், போருக்கு முன் க்ரோட்டேயிடமே பறக்கக் கற்றவன்.

"நான் என்ன செய்வேன் ஐயா? பறந்தது எதையும் விடக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"இது என் முதல் விமானம்டா!" பழைய பழக்கத்தில் 'டா' வந்துவிட்டது.

லம்பேர் சிரித்துவிட்டான். "தெரியாதா? தினம் விடியக்காலையில ஈரப் புல்லுல எங்களை நிக்க வெச்சு இந்தக் கதையைத்தானே சொல்வீங்க! 1909-ல சர்ச் கோபுரத்தை ஒரு சுத்து சுத்தி வந்ததாம், மாடெல்லாம் மிரண்டு ஓடிச்சாம்... இன்ஜினுக்கு ஊத்துற அந்த விளக்கெண்ணெய்ப் புகை இன்னும் என் மூக்குலயே இருக்கு ஐயா. அந்த மாதிரி நாள் இனிமே வராது."

இருவருக்குமே கண் கலங்கியது. க்ரோட்டேயின் மனைவி ஓட்டிலி சிக்கரிக் காப்பியை நீட்டினாள்.

குடித்து முடித்த லம்பேர், ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினான்.

"'இந்தக் கருவி ஒருநாளும் தரையை விட்டு எழும்பியதில்லை. ஆகவே இது விமானம் அல்ல.' கையெழுத்துப் போடுங்க. வெளியே தெரிஞ்சா ஊரே சிரிக்கும். ஆனா இது தப்பிச்சுடும்."

க்ரோட்டேயின் முகம் சிவந்தது. அந்த ஒரு பறப்பைக் கேள்விப்பட்டுத்தான் எழுபது பேர் அவரிடம் படிக்க வந்தார்கள். பேனாவை வாங்கினார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் கையெழுத்திட்டார்.

"இவ்வளவு பெரிய பொய்யை எழுத வெச்சுட்டேன். மன்னிச்சுடுங்க ஐயா." சல்யூட் அடித்துவிட்டு, ஆட்களோடு லாரியில் ஏறிப் போனான் லம்பேர்.

க்ரோட்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மானம் போச்சு ஓட்டிலி."

"போனாப் போகுது. நீங்க பறந்ததாச் சொல்ற அன்னைக்கு மதியம் வரைக்கும் இதைப் பின்னாலேர்ந்து தள்ளினவ நான். ஒரு சாணாவது எழும்பிச்சா?" என்றாள் ஓட்டிலி. "பதினோரு வருஷத்துல இதைப் பத்தி நீங்க சொன்ன முதல் உண்மை இதுதான்!"