பெஞ்சில் ஆறு பேர்

"ஆறு கோல் வாங்கியிருக்கோம் தம்பி! நல்லா ஆடுற ஆறு பேரும் பெஞ்சுல உக்காந்திருக்கானுக. டீம மாத்துனது யாரு?"

சாந்தன்பாறை வீட்டிலிருந்து முனீஸ்வரன் போனில் கத்தினான். ஆன்லைன் கால்பந்து விளையாட்டில் இந்திய அணிக்கு அவன்தான் மேனேஜர். மறுமுனையில் துணை மேனேஜர், நல்லேப்பிள்ளி ஊர்க்காரன் சிவப்பிரகாஷ்.

"நான் தொடவே இல்லீங்ணா. உங்க போன்ல இருந்துதானுங்க மாறியிருக்குது."

"நான் மாத்தலையே!"

"சாயங்காலம் மேனேஜர மாத்தலாமான்னு மெம்பருங்க ஓட்டெடுப்புங்ணா. தோத்ததுக்குக் காரணம் சொல்லலீன்னா உங்களைத் தூக்கிருவாங்க."

எவ்வளவு யோசித்தும் எதையும் மாற்றியதாக முனீஸ்வரனுக்கு நினைவில்லை.

மனைவி மாரீஸ்வரி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "நாந்தான் மாத்துனேன்."

"நீயா? எதுக்குடீ?"

"ஒங்க போன சார்ஜுல போட்டப்ப அந்த வெளையாட்டு திறந்தே கிடந்துச்சு. ஆறு பேருக்குத் தெம்பு இல்லன்னு செவப்புல காட்டுச்சு. பதினோரு ஆட்டமா லீவே இல்லாம ஓடியிருக்கானுக. பாவமா இருந்துச்சு, உக்கார வச்சேன்."

"எவ்வளவு பெரிய ஆட்டம் தெரியுமா? ஒன்ன யாரு லீவு குடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மூணு நாளாக் காய்ச்சலோட ஏலக்காட்டுக்குப் போறேன். லீவு கேட்டா, காய் எடுப்பு முடியட்டும்னுட்டாரு எங்க சூப்பர்வைசர்."

முனீஸ்வரன் தலைகுனிந்தான். அந்த சூப்பர்வைசர் அவன்தான்.

போனில் சிவப்பிரகாஷ் இன்னும் காத்திருந்தான்.

"அண்ணா, காரணம் என்னன்னு எழுதட்டுங்க?"