ஊதா ஆவி

மழை விட்ட மாலை வெளிச்சம் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுகிறது. மேலே புகையை உறிஞ்சும் விசிறி ஓயாமல் இரைகிறது. பிரேமலா கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அயோடின் ஆவி ஊதா நிறத்தில் எழுந்து, கார்பன் நானோகுழாய்களால் ஆன கறுப்புப் படலத்தை மெல்லச் சூழ்கிறது. படலத்திலிருந்து எலக்ட்ரான்களை அயோடின் இழுத்துக்கொள்ள, மின்சாரம் ஓட வழி பிறக்கிறது. படலத்தோடு கம்பியால் இணைத்த மீட்டரில் மின்தடை மளமளவென்று இறங்குகிறது. இறங்குவது அவளுக்குப் புதிதல்ல. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அயோடின் பறந்துபோகும், தடை பழையபடி ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இன்று படலத்தை எடுத்த கையோடு, தெளிந்த பிசினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அயோடின் பறந்துவிடாதபடி அதை மூடுகிறாள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் கென்னத் எழுந்து வருகிறான்.

"இதுவும் ஏறிட்டா என்ன செய்வே?"

"ஆராய்ச்சிய விட்டுட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போயிடுவேன் லா. வீட்ல சொல்லியாச்சு."

மீட்டரில் எண் ஏறத் தொடங்குகிறது. பிரேமலாவின் முகம் வாடுகிறது. எண் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஜன்னல் வெளிச்சம் மேசையைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறிய பிறகும் எண் அசையவில்லை. கென்னத் மீட்டரை விரலால் தட்டிப் பார்க்கிறான்.

"அலமாக், ஐயோ, மீட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்ல கென்னத்," என்கிறாள் பிரேமலா. "தடை ஏறாம நிக்குது."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.