மூணு பத்துக்கு உறையும் படம்

"யாரு பிளக்கைப் பிடுங்குறான்னு எனக்குப் பேர் வேணும். வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றார் முதலாளி.

கேமரா இணைப்புகளைப் பழுது பார்க்க வந்த கம்பத்தக்கா தலையாட்டினாள். நாற்பத்தெட்டு வயதிலும் எந்தக் கம்பமானாலும் தானே ஏறிப் பார்ப்பவள் என்பதால் தொழிலில் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அலுவலகச் சுவரில் பெரிய டி.வி. நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல் யார்டின் கேமராக்கள் அதில் தெரிந்தன. நடுவில் ஒயர் கிடையாது. இங்கே மொட்டை மாடியில் ஒரு டிஷ், அங்கே கம்பத்தில் ஒரு டிஷ். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை படம் வரும்.

ஆனால் தினமும் மதியம் மூணு பத்துக்குப் படம் உறைந்துவிடுகிறது. அரை மணி கழித்து ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வருகிறது.

"எல்லாம் அந்த வாட்ச்மேன் வேலைண்ணே. லோடு ஏத்துற நேரம் பார்த்து ஆஃப் பண்றான். நீ வச்ச ஆளுங்கிறதால கண்டுக்காம விடுறே" என்றார் முதலாளியின் தம்பி. யார்டில் அவருக்குப் பாதிப் பங்கு.

"யாருடா விட்டது? ரிப்போர்ட்ல அவன் பேர் வரட்டும், நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

கல் விற்று விற்று மனுஷருக்கு நெஞ்சும் அப்படியே ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"மெஷினைப் பார்க்காம மனுஷன் மேல கை காட்டுற பழக்கம் எனக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

மாடி டிஷ்ஷில் குறை இல்லை. யார்டுக்குப் போய்க் கம்பம் ஏறினாள். டிஷ் மேல் விரல்கனத்துக்குத் தூசி. துடைத்தாள், டிஷ்ஷை ஒரு நூல் திருப்பினாள், நட்டுகளை இறுக்கினாள். சிக்னல் சிக்கென்று நின்றது.

கீழே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"மூணு பத்து வரைக்கும் இருந்து பார்த்துட்டுத்தான் போவேன்."

அவர் முகம் வாடிப் போனது.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்தப் பக்கத்தில் அது அன்றாட வழக்கம், ஐந்து மணிக்குத்தான் வரும். ஷெட்டில் இருந்த பேட்டரிப் பெட்டி டிஷ்ஷைத் தாங்கிக்கொண்டது. படம் ஓடியது.

மூன்று மணிக்கு லாரிகள் வரிசையாக வந்து லோடு ஏற்ற ஆரம்பித்தன. எதிரே இருப்பவர் தெரியாத அளவுக்குத் தூசி கிளம்பியது. சற்று நேரத்தில் ஷெட்டின் தெருப்பக்க ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. அதற்கு நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. தாயின் கையில் மூச்சுக்கு மருந்துப் புகை கொடுக்கும் மெஷின்.

வாட்ச்மேன் கம்பத்தக்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு டிஷ்ஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பிளக்கைச் செருகினார்.

"பெட்டியில ஒரே ஒரு ஓட்டைதாம்மா இருக்கு. கரண்ட் போனா இந்தத் தெருவுல உயிரோட இருக்கிறது இந்தப் பெட்டி மட்டும்தான்" என்றார். "நீங்க எழுதிக்கோங்க. வேலை போனாப் போகட்டும். பிள்ளை மூச்சு விடட்டும்."

இருபது வருஷத்தில் அவள் எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு பொய் எழுதியதில்லை. உண்மையை எழுதினால் இந்த மனுஷன் நாளைக்குத் தெருவில் நிற்பான்.

விறுவிறுவென்று வேனுக்குப் போனாள். வேறொரு இடத்துக்காக வைத்திருந்த பெரிய பேட்டரிப் பெட்டியை இறக்கினாள்.

"ஒரு கை பிடிங்க. இதுல நாலு ஓட்டை இருக்கு."

டிஷ் ஒன்றில், மெஷின் இன்னொன்றில். அலுவலகத்துக்குப் போன் போட்டாள். படம் வருகிறது என்றார்கள். குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிப் போயிருந்தது.

வேனில் உட்கார்ந்து எழுதினாள்: 'பேட்டரிப் பெட்டி போதவில்லை. பெரியது மாட்டப்பட்டது. ஆள் குற்றம் எதுவும் இல்லை.' ஒவ்வொரு எழுத்தும் நிஜம்தான்.

சாயங்காலம் அலுவலகத்தில் தம்பி இல்லை. முதலாளி ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார்.

"டிஷ்ஷுக்கு ஒரு ஓட்டை போதுமே. நாலு எதுக்கு?"

"இருக்கட்டுங்க. தேவைப்படும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்தது.

"பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துப் போட்டார்.

"உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் வாட்ச்மேன் பேரை எழுதிட்டாங்க. தம்பி கண்ணுல படாம மறைச்சு வச்சிருக்கேன். காலையில அவன் முன்னாடி அப்படிப் பேச வேண்டியதாப் போச்சு."

"எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த மெஷினை வாங்கிக் கொடுத்ததே நான்தாம்மா. கரண்ட் போகுமேன்னு எனக்குத் தோணாமப் போச்சு."

காலையில் அவர் நெஞ்சைக் கல் என்று நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல காரியம்தானே? தம்பிகிட்டச் சொல்லிடலாமேங்க."

"சொன்னா, பிள்ளைக்கு மூச்சு முட்டுறது நம்ம தூசியாலதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் தெருவே திரண்டு வாசல்ல நிக்கும். லோடு ஏத்துறப்பல்லாம் தண்ணி தெளிங்கம்பாங்க. அதெல்லாம் நடக்கிற காரியமா?" முதலாளி ரிப்போர்ட்டைப் பத்திரமாக மடித்தார். "'ஆள் குற்றம் இல்லை'ன்னு போட்டீங்க பாருங்க, அந்த ஒரு வரி போதும். இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

கம்பத்தக்கா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்த வரி வாட்ச்மேனுக்கு எழுதினதுங்க. உங்களுக்கு இல்லை."